பிக் இல்லாமல் கிட்டார்: கட்டைவிரலில் இருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பிக் என்னும் சிறு தகடு இல்லாமல், விரலால் கிட்டார் வாசிக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மீதே கவனம் முழுவதையும் வைக்கிறார்கள். அழகாக ஒலிக்கும் ஓர் ஆர்பெஜியோவை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது) சீக்கிரமே பிடித்தும் விடுகிறார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அந்த ஆர்பெஜியோவிலேயே நின்றுவிடுகிறார்கள். கீழே பாஸ் (தடித்த தந்திகளின் அடி ஸ்வரங்கள்) நடக்க, மேலே மெட்டு பாட, இரண்டும் ஒரே ஆளின் கையில் இருந்து வரும் வாசிப்பு மட்டும் எட்டுவதே இல்லை. கட்டைவிரலைத் தனியாகப் பழக்காததுதான் காரணம். அது மற்ற விரல்களின் தயவில்லாமல் தானாக நடக்கப் பழகிவிட்டால் மீதியெல்லாம் வந்து சேரும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கட்டைவிரலைப் பற்றித்தான் இருக்கும்.

விரல் வாசிப்பில் பல மரபுகள் உண்டு: கிளாசிக்கல், ஃபிளமெங்கோ, போசா நோவா. இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளர்ந்த ஆல்டர்நேட்டிங் பாஸ் முறையை. கட்டைவிரல் இரண்டு தந்திகளுக்கிடையே மாறி மாறி பாஸ் போடும். மற்ற விரல்கள் மேல் தந்திகளில், அதாவது மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் மெல்லிய தந்திகளில், மெட்டு வாசிக்கும். கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான மியூலன்பர்க் கவுன்ட்டியில் வளர்ந்த மெர்ல் டிராவிஸின் (1917–1983) பெயரால் இதை டிராவிஸ் பிக்கிங் என்கிறார்கள். ஆனால் அவர் அதை அந்த ஊர் வாசிப்பாளர்களிடம் இருந்துதான் கற்றார். பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தவர் அவர். அவரை வானொலியில் கேட்டு வளர்ந்த செட் அட்கின்ஸ் கூடுதல் விரல்களைச் சேர்த்துக்கொண்டார். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஒலிப்பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பி விவசாயம் பார்த்தவர். 1963இல்தான் உலகம் அவரை மறுபடி கண்டுபிடித்தது. எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, விரல்களால் பாஸும் கட்டைவிரலால் மெட்டும் வாசித்தார். இந்த நான்கு பேரையும் தேடிக் கேளுங்கள். குறிப்பாக ஹர்ட். அவர் பாஸில் அவசரமும் இருக்காது, தயக்கமும் இருக்காது. நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

கிட்டார், தந்தி

எந்த அகூஸ்டிக் கிட்டாரும் போதும். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) அகலம் சுமார் 52 மில்லிமீட்டர் என்பதால் விரல்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் அது 43 முதல் 45 வரைதான். ஆனால் நாம் பேசும் இந்த முறைக்கு உரிய ஒலி ஸ்டீலில்தான் இருக்கிறது. ஸ்டீல் என்றால் முதலில் .011 அல்லது .010 அங்குலத் தடிமனில் தொடங்கும் மெல்லிய செட் போடுங்கள். தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகள்) இருந்து ரொம்ப உயரத்தில் இருந்தால் கடையில் கொடுத்துச் சரி செய்துகொள்வது அவசியம். உயரமான தந்தியில் இடது கை திணறும்போது வலது கையைக் கவனிக்க மனம் வராது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரல் வாசிப்பில் வியர்வை நேராகத் தந்தியில் படும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் அடியிலும் துடைத்து வையுங்கள். துடைக்காத ஸ்டீல் தந்தி சீக்கிரமே கறுத்து, மங்கிய சத்தம்தான் தரும்.

நகமா, சதையா

இருநூறு ஆண்டு பழைய சண்டை இது. பாரீஸில் வாழ்ந்த ஸ்பானியக் கலைஞர்கள் ஃபெர்னாண்டோ சோரும் டியோனிசியோ அகுவாடோவும் நண்பர்கள். சோர் சதையால் வாசித்தார், அகுவாடோ நகத்தால். பின்னால் வந்த ஸ்பானியக் கிட்டார் கலைஞர் தார்ரேகா கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டுச் சதைக்கு மாறினார். அவருக்கும் பின்னால் வந்த செகோவியாவோ நகத்தில்தான் உலகம் சுற்றினார்.

தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை சதைதான். நாம் வலது கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். அந்தக் கையில் நீள நகம் வளர்த்துப் பராமரிப்பது தினசரித் தொல்லை. அதோடு, சதையால் வாசிக்கும்போது தந்தி எங்கே இருக்கிறது என்று விரல் நுனிக்கே தெரியும். ஒலி கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒலி இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று பிறகு தோன்றினால், நடுவழி ஒன்று இருக்கிறது. உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையைப் பிடித்தால், விரல் நுனிக்கு மேலே நகம் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வையுங்கள். தந்தி முதலில் சதையில் பட்டு, பிறகு நகத்தில் வழுக்கி விடுபடும். நுனியை நெயில் ஃபைலால் வளைத்து, பிறகு மிக மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். நகத்தில் சொரசொரப்பு இருந்தால் அது அப்படியே ஒலியில் கேட்கும். கட்டைவிரலுக்கு மட்டும் மோதிரம்போல் மாட்டும் தம்ப் பிக் கிடைக்கும். டிராவிஸும் அட்கின்ஸும் அதைத்தான் போட்டார்கள். வெறும் விரலில் பாஸ் நிலைத்த பிறகு அதை முயன்று பார்க்கலாம்.

கையை வைக்கும் விதம்

முன்கையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்த்து, கையைத் தளர்வாகத் தொங்க விடுங்கள். விரல்கள் ஒலித்துளையின் மேல், சற்றே பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகள் பிணைந்திருக்கும் கட்டை) பக்கமாக வரட்டும். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கட்டும். உள்ளே மடிந்தால் சீக்கிரம் வலிக்கும்.

இங்கே மிக முக்கியமானது கட்டைவிரல் நிற்கும் இடம். அது ஆள்காட்டி விரலைத் தாண்டி, கழுத்துப் பக்கமாக முன்னால் நீண்டு இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் கட்டைவிரலும் ஆள்காட்டியும் ஒரு பெருக்கல் குறி போலத் தெரியும். இந்த நிலையில் கட்டைவிரல் கீழே இறங்கும்போதும் ஆள்காட்டி மேலே மடியும்போதும் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு வாசித்தால் வேகம் கூடும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தப் பயிற்சியும் அதைச் சரி செய்யாது. கையைத்தான் மாற்ற வேண்டும்.

தந்திப் பங்கீடு எளிது. மிகத் தடித்தது ஆறாம் தந்தி, மிக மெல்லியது முதல் தந்தி. ஆறு, ஐந்து, நான்காம் தந்திகள் கட்டைவிரலுக்கு. மூன்றாவது ஆள்காட்டிக்கு, இரண்டாவது நடுவிரலுக்கு, முதல் தந்தி மோதிர விரலுக்கு. நோட்டிலும் டேபிலும் (தந்தியையும் ஃப்ரெட் எண்ணையும் காட்டும் எழுத்து முறை) பி, ஐ, எம், ஏ என்று விரல்களைக் குறிப்பார்கள். முறையே கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. அதைக் கிட்டாரின் முகப்பில் ஊன்றலாமா என்று கேட்பார்கள். நாட்டார் கலைஞர்கள் பலர் ஊன்றித்தான் வாசித்தார்கள். கிளாசிக்கல் ஆசிரியர்கள் கூடாது என்பார்கள். லேசாகத் தொட்டுக்கொண்டு இருப்பதில் தவறில்லை. அழுத்தி ஊன்றினால் மோதிர விரலும் சேர்ந்து விறைத்துவிடும்.

தந்தியை விடுவிப்பது

புதியவர்கள் தந்தியைக் கொக்கி போட்டு வெளிப்பக்கம் இழுத்து விடுவார்கள். அது திரும்பி ஃப்ரெட்டில் அடித்துச் சடசடக்கும். விரல் நுனியைத் தந்தியின் மேல் முதலில் வையுங்கள்; கொஞ்சம் உள்ளே அழுத்துங்கள்; பிறகு உள்ளங்கையை நோக்கி விரலை மடக்கி விடுங்கள். அசைவு விரலின் அடி மூட்டில் இருந்து வர வேண்டும், நுனியில் இருந்து அல்ல. விரல் பக்கத்துத் தந்தியைத் தொடாமல் காற்றில் நின்றால் அது ஃப்ரீ ஸ்ட்ரோக். பக்கத்துத் தந்தியில் போய்ச் சாய்ந்தால் ரெஸ்ட் ஸ்ட்ரோக். ஒலி தடிமனாக வரும். நமக்குப் பெரும்பாலும் ஃப்ரீ ஸ்ட்ரோக்தான் தேவை.

கட்டைவிரல் மடங்கக் கூடாது. அடி மூட்டில் இருந்து முழு விரலும் ஒன்றாக இறங்கட்டும். நகத்தின் ஓரமும் சதையும் சேர்ந்து தந்தியைத் தொடட்டும்.

கட்டைவிரல் மட்டும்

இடது கையால் சி மேஜர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடியுங்கள். மோதிர விரல் ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட். மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி: ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. வேறெதுவும் வேண்டாம்.

எண்ணுவதற்கு 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று சொல்லலாம். நம்மில் பலருக்குக் காதில் ஊறியது வேறொன்று: தகதிமி தகஜணு. எட்டு அட்சரம், ஒரு பாருக்குள் (இங்கே நான்கு தட்டுக் கொண்ட ஒரு சுற்று) எட்டு அரைத்தட்டு, அப்படியே பொருந்துகிறது. த, தி, த, ஜ ஆகிய நான்கும் கட்டைவிரலுக்கு. இடையில் வரும் க, மி, க, ணு மற்ற விரல்களுக்கு. வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். இந்தச் சொற்கட்டு இந்த வழிகாட்டி முழுக்கக் கூட வரும்.

இனி கார்டு மாற்றம். சியில் இருந்து ஏ மைனருக்குப் போக ஒரே ஒரு விரல்தான் நகர வேண்டும்: மோதிர விரல் மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டுக்கு. பாஸ் அதே ஐந்து, நான்கு. ஈ மைனரிலும் ஜியிலும் ஆறு, நான்கு. டியில் நான்கு, ஐந்து. ஒவ்வொரு கார்டிலும் முதல் பாஸ் அந்தக் கார்டின் பெயர் ஸ்வரமாக இருக்க வேண்டும். சியில் ஐந்தாம் தந்தி, ஜியில் ஆறாம் தந்தி, டியில் நான்காம் தந்தி. அதை மாற்றித் தொடங்கினால் கார்டு காலில்லாமல் தொங்குவதுபோல் கேட்கும்.

சி, ஏ மைனர், ஈ மைனர், ஜி என்று ஒவ்வொன்றும் ஒரு பாராகச் சுற்றி வாருங்கள். கார்டு மாறும் நொடியில் கட்டைவிரல் தயங்கும். தயங்க விடக் கூடாது. இடது கை சரியான இடத்தில் போய் உட்காராவிட்டாலும் பரவாயில்லை, வெறும் தந்தியாவது அடிபடட்டும், காலப்பிரமாணம் நிற்கக் கூடாது. பாஸுக்கு வேண்டிய விரலை முதலில் வைத்துவிட்டு, மேல் தந்திகளுக்கானதைப் பிறகு வைத்தால் போதும். அரைத்தட்டு நேரம் கையில் இருக்கிறது.

வீணை வாசிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே ஆள்காட்டியும் நடுவிரலும் மெட்டைப் பார்த்துக்கொள்ள, சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கும் தாளத் தந்திகளை மீட்டிக் காலத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிட்டாரில் அந்த வேலை கட்டைவிரலுடையது.

எப்போது அடுத்த படிக்குப் போகலாம்? நான்கு கார்டையும் சுற்றிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். 'சாப்பிட்டாச்சா?' என்று யாராவது கேட்டு, நீங்கள் பதில் சொல்லும்போது பாஸ் தடுமாறவில்லை என்றால் கட்டைவிரல் தயார். சிலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு ஒரு மாதம். இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விரல்களைச் சேர்ப்பது

கட்டைவிரல் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். முதல் நாள் 'ணு'வில் மட்டும் ஆள்காட்டி விரலால் மூன்றாம் தந்தியைத் தொடுங்கள். ஒரு பாருக்கு ஒரே ஒரு ஸ்வரம். அது சுலபமாக வந்த பிறகு 'மி'யிலும் ஒன்று. அடுத்து, இரண்டாவது 'க'வில் நடுவிரலால் இரண்டாம் தந்தி. கடைசியாக முதல் 'த'வில் கட்டைவிரலோடு நடுவிரலையும் சேர்த்துக் கிள்ளுங்கள்; பாஸும் இரண்டாம் தந்தியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். பின்ச் என்பது இதுதான்.

முழு வடிவம் சி கார்டில் இப்படி வரும்:

த: கட்டை 5, நடு 2 சேர்ந்து
க: ஒன்றும் இல்லை
தி: கட்டை 4
மி: ஆள்காட்டி 3
த: கட்டை 5
க: நடு 2
ஜ: கட்டை 4
ணு: ஆள்காட்டி 3

இந்த மரபில் அதிகம் புழங்கும் வடிவங்களில் ஒன்று இது. முதல் 'க' காலியாக இருக்கிறது, கவனியுங்கள். அந்த இடைவெளிதான் இதற்கு ஊஞ்சல் தருகிறது. அங்கேயும் ஒரு ஸ்வரத்தைத் திணித்தால் தையல் மெஷின்போல் ஆகிவிடும்.

மெட்ரோனோம் 50இல் தொடங்குங்கள். தவறில்லாமல் நான்கு கார்டையும் ஐந்து முறை சுற்றி வந்தால் மட்டும் நான்கு எண் கூட்டுங்கள். 90 வந்ததும் அது பயிற்சியாகவே கேட்காது, பாட்டாகக் கேட்கும்.

ஆர்பெஜியோ தெரியாதவர்கள் இடையில் அதையும் பழகிக்கொள்ளலாம்: கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம், மறுபடி நடு, ஆள்காட்டி. மூன்று தட்டுப் பாட்டுகளுக்கு நன்றாகப் பொருந்தும். மோதிர விரல் அடி சன்னமாகக் கேட்டால் கவலைப்பட வேண்டாம். அதன் தசைநார்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் எல்லோருக்கும் அது மெதுவாகத்தான் தனித்து இயங்கப் பழகும்.

மெட்டு

இனிமேல்தான் உண்மையான சந்தோஷம். சி மேஜர் ஸ்கேல் நமக்குத் தெரிந்த சங்கராபரணம்தான். சி கார்டில் போலவே இடது கையின் மோதிர விரல் ஐந்தாம் தந்தியிலும் நடுவிரல் நான்காம் தந்தியிலும் இருக்கட்டும். பாஸுக்கு அவை இரண்டும் நகரக் கூடாது. ஆள்காட்டியும் சுண்டுவிரலும் மட்டும் மெட்டுக்கு.

ஷட்ஜம்: இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட், ஆள்காட்டி. ரிஷபம்: அதே தந்தி மூன்றாம் ஃப்ரெட், சுண்டுவிரல். காந்தாரம்: முதல் தந்தி வெறுமனே. மத்தியமம்: முதல் தந்தி முதல் ஃப்ரெட், ஆள்காட்டி. பஞ்சமம்: முதல் தந்தி மூன்றாம் ஃப்ரெட், சுண்டுவிரல்.

முதலில் ஒவ்வொரு பாஸ் அடியோடும் ஒரு ஸ்வரத்தைச் சேர்த்துக் கிள்ளுங்கள். த-வில் ஷட்ஜம், தி-யில் ரிஷபம், அடுத்த த-வில் காந்தாரம், ஜ-வில் மத்தியமம், அடுத்த பாரின் த-வில் பஞ்சமம். ஏறி இறங்குங்கள். எல்லாம் தட்டிலேயே விழுவதால் இது சுலபம். கேட்க மட்டும் கொஞ்சம் தட்டையாக இருக்கும்.

இப்போது அதே ஸ்வரங்களைத் தட்டில் இருந்து நழுவ விடுங்கள். ஷட்ஜம் முதல் 'த'வில் பாஸோடு. ரிஷபம் 'மி'யில். காந்தாரம் இரண்டாவது 'க'வில். மத்தியமம் 'ணு'வில். பஞ்சமம் அடுத்த 'த'வில் பாஸோடு வந்து இறங்கும். கட்டைவிரல் நேராக நடக்க, மெட்டு அதன் இடைவெளிகளில் எட்டி வைத்துப் போகிறது. ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்பதற்கு இந்த நழுவல்தான் காரணம். முதல் முறை கை இதற்கு ஒத்துழைக்காது. மெட்டு இழுக்கும் பக்கமெல்லாம் கட்டைவிரல் ஓடப் பார்க்கும். அப்போது மெட்டை நிறுத்திவிட்டு, பாஸை மட்டும் இரண்டு சுற்று நடத்தி, ஒரு ஸ்வரம் மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு உங்களுக்கு வாயில் வரும் ஏதாவது எளிய தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் தேட வேண்டாம். மெட்டை மேல் இரண்டு தந்திகளில் காதாலேயே கண்டுபிடியுங்கள், பொருந்தும் கார்டை அடியில் வையுங்கள். காதால் கண்டுபிடித்தது கையை விட்டுப் போவதில்லை.

ஒலியைச் சமப்படுத்துவது

மெட்டு முன்னால் கேட்க வேண்டும், பாஸ் பின்னால். தொடக்கத்தில் எல்லோருக்கும் தலைகீழாகத்தான் வரும், ஏனென்றால் கட்டைவிரல் பலமானது, கீழ்த் தந்திகள் தடிமனானவை. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டை பிரிட்ஜின் மேல், தந்தி தொடங்கும் இடத்தில் லேசாக வையுங்கள். மூன்று பாஸ் தந்திகள் மட்டும் அடங்கி 'டும், டும்' என்று ஒலிக்கும். மேல் தந்திகள் கணீரென்று நிற்கும். டிராவிஸ், அட்கின்ஸ் ஒலியின் அடையாளமே இது. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் தந்தி செத்துவிடும், வெளியே வந்தால் அடங்காது. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்கலாம்.

கையின் இடத்தை மாற்றினாலும் ஒலி மாறும். பிரிட்ஜ் பக்கம் போனால் கூர்மை, கழுத்துப் பக்கம் வந்தால் இனிமை. கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத பாஸ் தடுமாற்றம் பதிவில் தெளிவாகக் கேட்கும்.

வலி, விறைப்பு

விரல் நுனி எரிச்சல் இயல்பு, சில நாளில் போய்விடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். அது கை விறைப்பாக இருப்பதன் அறிகுறி. தோள் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் வாசிப்பதைவிடக் காலையில் இருபது நிமிடம், இரவில் இருபது நிமிடம் நல்லது.

அடுத்து

வலது கைக்கு இன்னும் தீவிரமான பயிற்சி வேண்டுமென்றால் மௌரோ ஜூலியானி 1812இல் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகள் இருக்கின்றன. இடது கைக்கு சி, ஜி செவன்த் என்று இரண்டே கார்டுகள்; வலது கைக்கு நூற்றிருபது வடிவங்கள். கிளாசிக்கல் மரபுதான், ஆனாலும் நாட்டார் வாசிப்புக்கும் விரலை நன்றாகத் தீட்டும். தினம் இரண்டு எடுத்துக்கொண்டால் போதும்.

சியில் பாஸை இன்னும் விரிக்க, மோதிர விரலை ஐந்தாம் தந்தியில் இருந்து ஆறாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டுக்குத் தாவ விட்டு, ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று நடத்துங்கள். அது வந்த பிறகு டிராப் டி. ஆறாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி, நான்காம் தந்தியோடு ஒத்துப்போகும்வரை சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது டி கார்டில் ஆறு, நான்கு என்று பாஸ் போட்டால் இரண்டும் ஒரே ஸ்வரம், ஒன்று கீழ் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயி. அந்தத் தந்திகள் இரண்டையும் இடது கை தொட வேண்டியதே இல்லை, நான்கு விரலும் மெட்டுக்குக் கிடைத்துவிடும். ஜி கார்டில் மட்டும் ஆறாம் தந்தியை மூன்றுக்குப் பதில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.